இடப்பக்கக் கண்ணாடி

அக்டோபர் 27, திங்கள்

பாண்டிச்சேரி முழுக்க விடியற்காலையிலிருந்து தூறல். ஷெட்டுக்கு முன்னால் கணுக்கால் அளவு தண்ணீர். மூலக்குளத்தில் எந்த ரோடு புதிதாகப் போட்டாலும் என் ஷெட்டைப் பார்த்துத்தான் சரிகிறது.

வெள்ளை வேன்: ஹாரன். ஸ்டியரிங்குக்கு அடியில் ஒயர் அறுந்திருந்தது. முடிந்தது.
டிராக்டர்: ஹெட்லைட். நாளை வரச் சொன்னேன்.
மதாம் வண்டி: பேட்டரி டெர்மினல் சுத்தம். கிழவி கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றி மட்டும் பிரெஞ்சில், "மெர்சி தம்பி. சாப்புடறியா, இல்ல டீ குடிச்சே காலத்த ஓட்டுறியா?" என்றார். சாப்பிடுகிறேன் என்றேன். டீதான்.

இந்த நோட்டு வேலைக் குறிப்புக்கு வாங்கியது. பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள். படித்தாலும் என் எழுத்து எனக்கே புரியாது.

மத்தியானம் ஜெனியிடமிருந்து மெசேஜ். பெங்களூரிலிருந்து அவள் அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்கு வந்து போனவள், அதற்குப் பிறகு இதுதான் முதல் மெசேஜ். "ஞாயித்துக்கெழம கல்லறைத் திருநாளுக்கு வரேன். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேணாம். ஆட்டோல வந்துக்கறேன். அந்த வண்டில நான் ஏற மாட்டேன்."

பெற்ற மகள். ஒரே மகள். 'அந்த வண்டி.'

எழுதியே விடுகிறேன். ஆறு வாரமாக எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஆறு வாரத்துக்கு முன், இதே மாதிரி ஒரு திங்கட்கிழமை. இதே மாதிரி மழை. பிலோவுக்கு நெஞ்சு வலி. வண்டியில் உட்கார வைத்துக் கிளம்பினேன். மழைக்காகக் கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. ஏசி அவளுக்கு ஆகாது, இழுப்பு வரும். என் மடியில் போன், ஸ்பீக்கரில் ஜெனி. வில்லியனூர் ரோட்டில் வரும்போது பிலோ சொன்னாள், "ஏங்க, மூச்சு முட்டுது. கண்ணாடிய இறக்குங்க."

என் பக்கக் கதவில் நாலு சுவிட்ச். அவள் பக்கத்துச் சுவிட்சை அமுக்கினேன். இறங்கவில்லை. நாலு மாசமாகவே அப்படித்தான். அவள் கதவில் இருக்கும் சுவிட்சை அவளே அமுக்கினால் மட்டும் இறங்கும். அன்றைக்கு அவளுக்குக் கை தூக்க வரவில்லை, ஓட்டிக்கொண்டே எனக்கு அது எட்டவில்லை. என் கண்ணாடியை இறக்கினேன், பின்னால் இரண்டையும் இறக்கினேன். அவள் கண்ணாடி அப்படியே. "இறக்குங்கன்னேன்ல" என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

போனில் ஜெனி கத்துகிறாள். "அப்பா, கண்ணாடிய இறக்குங்கப்பா! அப்பா! அம்மா கேக்குது இல்ல!" நான் பதில் சொல்லவில்லை. வாய் வரவில்லை. வண்டியை ஓரங்கட்டி, இறங்கிச் சுற்றிப் போய்க் கதவைத் திறந்திருக்கலாம். அது இப்போது தெரிகிறது. அப்போது ஆஸ்பத்திரி கேட் மட்டும்தான் கண்ணில் இருந்தது.

டாக்டர் சொன்னார், இதயம், பெரிய அடைப்பு, கண்ணாடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்று. கண்ணாடியைப் பற்றி நான் கேட்டதற்கு என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். ஜெனி டாக்டரைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள். அடக்கத்தன்று கேட்டாள், முப்பதாம் நாளன்று கேட்டாள். "ஏம்ப்பா இறக்கல?"

சுவிட்ச் வேலை செய்யவில்லை என்றேன்.

"நீங்க எலக்ட்ரீசியன்தானப்பா?"




அக்டோபர் 28, செவ்வாய்

மழை விட்டு விட்டு.

சவரி வந்தான். பிலோவின் தம்பி, பக்கத்து மேட்டுப்பாளையம் கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக. தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும் வண்டியைப் பார்த்தான். "வித்துடுங்க மாமா. பாக்கப் பாக்க மனசு கெட்டுப்போவும்." ரிப்பேர் பண்ணிவிட்டு விற்கிறேன் என்றேன். பொய். விற்கிற யோசனை கிடையாது. ஆனால் வாயிலிருந்து ரிப்பேர் என்று வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துவிட வேண்டும். ஜெனிக்குச் சொல்ல ஒரு பதிலாவது வேண்டும். ஏன் இறங்கவில்லை என்று எனக்கே தெரியாமல் அவள் எதிரில் இன்னொரு முறை நிற்க முடியாது.

தார்ப்பாயை எடுத்தேன். உள்ளே தைல வாசம் இன்னும் போகவில்லை. ரியர்வியூ மிரரில் தொங்கும் ஜெபமாலை. கதவுப் பையில் அவள் சீப்பு, இருமல் மிட்டாய், தீர்த்த பாட்டில் பாதி. மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன்.

பேட்டரி செத்துக் கிடந்தது. சார்ஜில் போட்டுவிட்டுப் பார்த்தது:

அவள் கதவுச் சுவிட்ச்: ஏறுகிறது, இறங்குகிறது. மோட்டார் நல்லது.
என் கதவிலிருந்து: ஒன்றுமில்லை.
பியூஸ்: நல்லது.
ஸ்கேனர் போட்டேன். இடது கதவு மோட்டாருடன் தொடர்பு இல்லை என்று வருகிறது.

பழைய வண்டி என்றால் சுவிட்சிலிருந்து மோட்டாருக்குத் தடி ஒயரில் கரண்டே நேராகப் போகும். இந்த வண்டியில் அப்படி இல்லை. மோட்டாருக்கென்று சின்ன மூளை ஒன்று உண்டு. என் சுவிட்ச் 'இறக்கு' என்று ஒரு மெல்லிய ஒயரில் செய்தி அனுப்பும், மோட்டார் கேட்டு நடக்கும். அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அவள் பக்கத்துச் சுவிட்சுக்குத் தனி ஒயர், அதனால் அது வேலை செய்கிறது.

அவள் சுவிட்சை மறுபடி தொட்டுப் பார்த்தேன். தொட்டதும் இறங்கிவிட்டது. ஒரு விரல் போதும். அன்றைக்கு அவளுக்கு அந்த ஒரு விரல் இல்லை.

ஊர் வண்டி எல்லாம் பார்ப்பேன். "யோவ் எலக்ட்ரீசனு, நம்ம வண்டிய எப்பய்யா பாப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கோபம் வந்தால்தான் 'யோவ்'. மற்ற நேரம் 'ஏங்க'. நாளைக்கு என்பேன். நாலு மாசம் நாளைக்கு நாளைக்கு என்று ஓட்டினேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.


அக்டோபர் 29, புதன்

வெயில். புழுக்கம். டிராக்டர்காரரை இன்றும் திருப்பி அனுப்பினேன். "சம்சாரம் போனதுலேந்து கடைய கவனிக்க மாட்டேங்கறாரு" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தாராம். சொல்லட்டும்.

கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ரப்பர் குழாய் ஒன்று இருக்கும், ஒயர் எல்லாம் அதற்குள்தான் போகும். கதவைத் திறந்து திறந்து மூடினால் அங்கேதான் ஒயர் மடங்கி அறும். இந்தக் கோளாறில் பத்துக்கு எட்டு வண்டி அதுதான். உரித்துப் பார்த்தேன். ஒன்றுகூட அறவில்லை. மீட்டர் வைத்தேன். என் பக்கம் செய்தி ஒயரில் உயிர் இருக்கிறது. சுவிட்சை அமுக்கினால் முள் துடிக்கிறது. ரப்பர் வரைக்கும் துடிக்கிறது. ஆக, கோளாறு கதவுக்குள்ளே.

அங்கேதான் கை நின்றுவிட்டது. அந்தக் கதவுக்குள் என் கைவேலை ஒன்று இருக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்கு அவள் பக்கம் ஸ்பீக்கர் வைத்தேன். பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று நச்சரித்தாள். ஒயர் இழுக்கும்போது இந்த மெல்லிய ஒயர் அறுந்துவிட்டது. பூசைக்கு நேரமாச்சு, பூசைக்கு நேரமாச்சு என்று புதுப் புடவையோடு வாசலில் நிற்கிறாள். இரண்டு முனையையும் முறுக்கி டேப் சுற்றினேன். அப்புறம் ஈயம் உருக்கி சால்டர் வைத்துக்கொள்ளலாம் என்று கதவின் உள்மூடியான டோர் பேடை மாட்டிவிட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை. வேறு எவனாவது கஸ்டமர் வண்டியில் அப்படி முறுக்கி வைத்திருந்தால் 'இவனெல்லாம் எலக்ட்ரீசியனா' என்று ஊரைக் கூட்டியிருப்பேன்.

அதுதான். அதுவாகத்தான் இருக்கும். என் கையால் நான் முறுக்கிய ஜாயின்ட்.

திறக்கவில்லை. நாலு மணிக்கே ஷெட்டை மூடிவிட்டேன். ராத்திரிக்கு பிரெட்.


அக்டோபர் 30, வியாழன்

வண்டியைத் தொடவில்லை.

கல்லறைக்குப் போய்ப் புல் செதுக்கினேன். எல்லாக் குடும்பமும் வந்து சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கு இன்னும் சிமென்ட் போடவில்லை, மண் இறங்கட்டும் என்றார்கள். மண்மேடு மழையில் ஒரு பக்கம் கரைந்திருக்கிறது. கையால் அள்ளிப் போட்டுத் தட்டினேன். பக்கத்துக் கல்லறையில் ஒரு அம்மா மகனைத் திட்டிக்கொண்டிருந்தது, "உங்கப்பா பேர பாத்து எழுதுடா, போன வருசம் தப்பா எழுதிட்டுப் போயிட்ட, மனுசன் கோச்சிக்கிட்டு கனவுல கூட வரல." சிரிப்பு வந்துவிட்டது. பிலோவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன். அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது பெரிய மார்க்கெட். மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, சுண்ணாம்பு. ஞாயிற்றுக்கிழமைக்கு சாமந்தி சொல்லி வைத்தேன். கால் தானாக மீன் பக்கம் போய்விட்டது. அவள் வழக்கமாக வாங்கும் மீன்காரம்மா, "என்னாண்ணே நீ வந்திருக்க, அக்கா எங்க?" என்றது. ஊருக்குப் போயிருக்கிறது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் தெரியவில்லை. "வந்தா சொல்லு, நல்ல வஞ்சிரமா எடுத்து வைக்கிறேன்னு." சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் உட்காரும் வரை அடக்கிக்கொண்டேன். அதற்குமேல் முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.


அக்டோபர் 31, வெள்ளி

மேகமூட்டம். காலை எட்டுக்கே ஷெட். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு டோர் பேடைக் கழற்றினேன். ஒரு கிளிப் உடைந்தது.

என் ஜாயின்ட். டேப்பைப் பிரித்தேன். செம்பு பளபளவென்று இருக்கிறது. மீட்டர் வைத்தேன், இழுத்துப் பார்த்தேன், ஆட்டிப் பார்த்தேன். செய்தி ஜாயின்டைத் தாண்டி ஜோராகப் போகிறது. நான் இல்லை! ஷெட்டில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. செத்தவள் செத்துவிட்டாள், இவனுக்கு ஜாயின்ட் நன்றாக இருக்கிறதென்று சந்தோஷம்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே மோட்டார் பிளக் வரை போனேன். உருவினேன்.

பச்சை. பாசி பிடித்த மாதிரி பச்சை, ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி. கரண்ட் போகும் தடி ஊசி இரண்டும் கறுத்துப்போய் எப்படியோ பிழைத்திருக்கிறது. செய்திக்கான மெல்லிய ஊசி அரித்துப்போய் என் கையோடு வந்துவிட்டது.

தண்ணீர். மழைத் தண்ணீர் எல்லாக் கதவுக்குள்ளும் இறங்கும், வெளிப்பக்கமாக இறங்கி அடி ஓட்டை வழியாகப் போய்விடும். பிளக் பக்கம் வராது. சந்தேகத்துக்கு என் பக்கக் கதவையும் கழற்றினேன். அதே வயது, அதே பிளக், புத்தம் புதுசு. கடல் காற்று என்றாலும் இரண்டு கதவுக்கும் ஒன்றுதானே.

இடது கண்ணாடியை முழுக்க ஏற்றி, உள்பக்கம் வெளிச்சத்துக்குச் சாய்ந்து பார்த்தேன். வெள்ளைக் கோடு. மேலிருந்து வழிந்து, கண்ணாடி உள்ளே இறங்கும் இடுக்கு வரைக்கும். அந்தக் கோடு ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு சிலுவை. ஒன்றல்ல. சிலுவை மேல் சிலுவை மேல் சிலுவை. கட்டைவிரல் அகலம்.

பிலோ.

வண்டி கிளம்புவதற்கு முன் கதவுப் பையிலிருந்து பாட்டிலை எடுப்பாள். கட்டைவிரலை நனைப்பாள். கண்ணாடியில் சிலுவை போடுவாள். 'மாதாவே துணை.' மூடியைத் திருகுவாள். மார்க்கெட்டுக்குப் போனாலும் சரி, வேளாங்கண்ணிக்குப் போனாலும் சரி. ஆறு வருஷம். "வண்டிக்கு ஞானஸ்நானம் குடுத்தது போதும்டி" என்பேன். "உங்க டிரைவிங்குக்கு இது பத்தவே பத்தாது" என்பாள்.

பங்குச் சாமியார் தீர்த்தம் மந்திரிக்கும்போது உப்புப் போடுவார். சின்ன வயதில் பீடத்தில் உதவி செய்யும்போது உப்புக் கிண்ணத்தை நான்தான் நீட்டுவேன். பிளக்கிலிருந்த வெள்ளைப் பொடியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

சொட்டுச் சொட்டாக. கண்ணாடியில் இறங்கி, ஒயர்மேல் ஓடி, பிளக்குக்குள் போய்.

அடிப் பாவி. உன் கையாலா? எனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று போட்ட சிலுவைதானேடி. உனக்கு ஒரு மூச்சுக் காற்று வேண்டியிருந்தபோது அது இப்படியா வழி மறிக்கும்? நேற்று வரைக்கும் என் ஜாயின்டாக இருக்கக் கூடாது என்று வேண்டினேன். இன்றைக்கு என் ஜாயின்டாகவே இருந்திருக்கலாம் என்று இருக்கிறது. அதையாவது தாங்கியிருப்பேன்.

ஷெட் தரையில் உட்கார்ந்து அழுதேன். டிராக்டர்காரர் வந்தார், எட்டிப் பார்த்தார், ஹெட்லைட் பேச்சை எடுக்காமல் போய்விட்டார். நல்ல மனுஷன்.


நவம்பர் 1, சனி

மழை இல்லை. சகல புனிதர்கள் திருநாள். பூசைக்குப் போகவில்லை.

உடைத்துப்போட்ட வண்டியின் கதவு ஒயரிலிருந்து அதே மாதிரி பிளக் எடுத்தேன். சால்டர் வைத்தேன். என் பழைய ஜாயின்டுக்கும் சால்டர் வைத்தேன், இனி எதற்கோ. கண்ணாடியை முழுக்க ஏற்றிப் பிடித்து, முழுக்க இறக்கிப் பிடித்து, மேல் எது கீழ் எது என்று மோட்டாரைப் பழக்கினேன். ஸ்கேனரில் கோளாறு அழிந்துவிட்டது.

என் சீட்டில் உட்கார்ந்து அமுக்கினேன்.

இறங்கிற்று. சத்தமில்லாமல், வழுக்கிக்கொண்டு. மொத்த வேலையும் அரை நாள். அரை நாள், கடவுளே. நாலு மாசத்தில் எனக்கு ஒரு அரை நாள் இல்லை.

சவரி வந்து பார்த்துவிட்டு, "எதனால மாமா?" என்றான். ஈரம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஜெனிக்கு என்ன சொல்வது. உன் அம்மா போட்ட தீர்த்தம்தான் என்றா? முப்பதாம் நாளன்று அவள் கழுத்தில் அம்மாவின் மாதா சுரூப டாலர் கிடந்ததைப் பார்த்தேன். பேசும்போதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறாள். உண்மையைச் சொன்னால் என் மேல் கோபம் குறையும். அந்தச் சுரூபத்தை அதற்குப் பிறகு எப்படித் தொடுவாள்?

கண்ணாடியைத் துடைக்கலாம் என்று துணி எடுத்தேன். முடியவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டேன்.


நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். காலையிலேயே தூறல். சாமந்தி மூன்று முழம், மெழுகுவர்த்தி இரண்டு பாக்கெட். வத்திப்பெட்டி மறந்துவிட்டேன்.

ஜெனி ஆட்டோவில் நேராகக் கல்லறைக்கு வந்தாள். மெலிந்திருக்கிறாள். மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள், நான் இந்தப் பக்கம். வத்திப்பெட்டி அவள் கொண்டுவந்திருந்தாள். மெழுகுவர்த்தி அணைய அணைய இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஏற்றினோம்.  சாமியார் மந்திரித்துக்கொண்டே வந்து இவள் மேட்டிலும் தீர்த்தம் தெளித்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

வெளியே வந்தால் கூட்டம், ஒரு ஆட்டோ இல்லை. மழை வலுக்கிறது. "வண்டி இருக்குது பாப்பா" என்றேன்.

"நான் நடந்தே போறேன்."

அப்போதுதான் சொன்னேன். ரோட்டில், அத்தனை பேர் நடுவில். "நாலு மாசமா சுவிட்ச் கெட்டிருக்குன்னு தெரியும். அம்மா சொல்லிக்கிட்டே இருந்தா. நாளைக்கு நாளைக்குன்னு உட்டுட்டேன். அது என் தப்புதான், இல்லன்னு சொல்லல. ஆனா அன்னிக்கு அமுக்கினேன் பாப்பா. வாயத் தொறந்து உனக்கு பதில் சொல்ல முடியல. அமுக்கிக்கிட்டேதான் இருந்தேன்."

அவள் நடந்து போகவில்லை. என் பின்னால் வண்டி வரைக்கும் வந்தாள். நான் உள்ளே உட்கார்ந்தேன், என் கதவு திறந்தபடி, அவள் குடையோடு பக்கத்தில். சரி பண்ணியதைக் காட்டலாம் என்று சுவிட்சை அமுக்கினேன். சாவி போடவில்லை. பதட்டத்தில் அதுகூட நினைவில்லை. கண்ணாடி இறங்கவில்லை. சுவிட்ச் மட்டும் டக், டக், டக்.

"அப்பா." கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு வாட்டி பண்ணுங்க."

டக், டக்.

"இந்தச் சத்தம் போன்ல கேட்டுதுப்பா. அம்மா பேச்ச நிறுத்தினப்புறமும் கேட்டுது. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் டக்கு டக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்துது. வண்டில எதோ ஆடுதுன்னு நெனச்சேன். நீங்களாப்பா அது?"

ஆமாம் என்று சொன்னேனா, தலையாட்டினேனா, நினைவில்லை. குடையைக் கீழே போட்டுவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். இரண்டு பேரும் நனைந்தோம்.

பிறகு சுற்றிப் போய் அம்மா சீட்டில் உட்கார்ந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எதனாலப்பா போச்சு?" என்றாள்.

மழைத் தண்ணி இறங்கிடுச்சு என்றேன்.

தலையாட்டினாள். கதவுப் பையில் கையை விட்டாள். சீப்பை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். பாட்டிலை எடுத்தாள். கட்டைவிரலை நனைத்து, கண்ணாடியில், அம்மா போட்ட அதே இடத்தில் சிலுவை போட்டாள். "மாதாவே துணை." மூடியைத் திருகினாள். ஒரு சொட்டு கண்ணாடியில் வழிந்து இடுக்குக்குள் இறங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மூலக்குளம் திரும்பும்போது, "கண்ணாடிய இறக்குங்கப்பா" என்றாள். அமுக்கினேன். இறங்கியது. மழை உள்ளே அடித்தது. வீடு வரும் வரைக்கும் ஏற்றச் சொல்லவில்லை.

இப்போது உள்ளே தூங்குகிறாள். மத்தியானச் சோறு அவள்தான் வடித்தாள்.

நாளை: டிராக்டர் ஹெட்லைட், முதல் வேலை. அவள் பஸ் ஏறியதும் இடது கதவைக் கழற்றி பிளக்குக்கு கிரீஸ் வைக்க வேண்டும். இனி மூன்று மாசத்துக்கு ஒரு முறை வைத்துவிட வேண்டும். அவளிடம் சொல்ல வேண்டாம்.